கழிவு வெப்பத்திலும் இயற்கை வெப்பத்திலும் மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவு வெப்பம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு தொழிலுக்காக எரிபொருளை எரித்து உண்டாக்கிய வெப்பத்தில், அந்தத் தொழில் எடுத்துக்கொண்டது போக, புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் சூடாக வெளிவரும் சரக்கோடு சேர்ந்தும் போய்விடும் பகுதியே கழிவு வெப்பம். அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டிப்பொருளான கிளிங்கர் ஒரு கிலோ உருவாவதற்கு வேதிவினை கேட்கும் வெப்பம் ஏறத்தாழ 420 கிலோகலோரிதான். ஆனால் நன்றாகப் பராமரிக்கப்படும் சிமென்ட் சூளைகூடப் பொதுவாக 700 கிலோகலோரி அளவுக்கு எரிக்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி சூளையின் உடல் வழியாகக் கசிந்துவிடுகிறது. பெரும்பகுதி புகையோடும் காற்றோடும் போகிறது. டீசல் ஜெனரேட்டரிலும் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 40 சதவீதமே மின்சாரமாகிறது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது.

வெளியேறுவது இவ்வளவு என்றால், அதை முழுவதும் மின்சாரமாக்க முடியாதா?

முடியாது. இந்தத் துறையில் ஏமாற்றம் தரும் திட்டங்களில் பல, இந்த ஒரு விடையைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் தொடங்கப்படுகின்றன. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரத்துக்கும் சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றும் வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடே அந்த எந்திரத்தின் உச்ச வரம்பைத் தீர்மானிக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் எடுத்துரைத்த இந்த வரம்பை எந்த உலோகத்தாலும் எந்தத் திரவத்தாலும் மீற முடியாது.

குளிர்ந்த பக்கம் 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 350 டிகிரியில் கிடைக்கும் வெப்பத்துக்கு உச்ச வரம்பு ஏறத்தாழ 50 சதவீதம். 150 டிகிரிக்கு 26 சதவீதம். 90 டிகிரிக்கு 14 சதவீதத்துக்கும் குறைவு. உண்மையான எந்திரங்கள் பெரும்பாலும் இதில் பாதியை ஒட்டியே தருகின்றன. ஆகவே உங்கள் ஆலையில் எத்தனை கிலோகலோரி வீணாகிறது என்பது இரண்டாவது கேள்வி. அது எத்தனை டிகிரியில் வீணாகிறது, அதற்கு எதிரே வைக்கக் கிடைக்கும் குளிர்ச்சி எவ்வளவு என்பவையே முதல் கேள்வி.

எந்தத் தொழில்களில் இது நன்றாகப் பலன் தருகிறது?

வெப்பம் உயர்ந்த வெப்பநிலையில், ஓரிடத்தில் குவிந்து, ஆண்டு முழுவதும் இடைவிடாமல் வெளியேறும் இடங்களில் பலன் தருகிறது. எரிவாயு டர்பைனின் புகை சுமார் 600 டிகிரி வரை சூடாக வெளிவருவதால், அதைக் கொதிகலனில் செலுத்தி நீராவி டர்பைன் ஒன்றையும் சேர்த்து ஓட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் வழுதூரிலும் திருவாரூர் மாவட்டம் கோவில்களப்பாலிலும் உள்ள அரசு மின் நிலையங்கள் இந்தக் கூட்டுச் சுழற்சி முறையில் அமைந்தவையே. உலகின் சிறந்த கூட்டுச் சுழற்சி நிலையங்கள் எரிபொருளின் ஆற்றலில் 60 சதவீதத்துக்கும் மேல் மின்சாரமாக்குகின்றன. கழிவு வெப்பத்தின் மிகப் பெரிய வெற்றி இதுதான். வெற்றி முழுமையாக இருப்பதாலேயே அதைக் கழிவு வெப்பம் என்று யாரும் இப்போது சொல்வதில்லை.

எஃகு ஆலைகளில் சுமார் 1000 டிகிரியில் வெளிவரும் கோக் கரியின்மீது தண்ணீரைக் கொட்டி அணைப்பது பழைய முறை. அதற்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவைச் சுழலவிட்டுக் குளிர்வித்து, அந்த வாயுவின் சூட்டில் நீராவி எடுக்கிறார்கள். விசாகப்பட்டினம் எஃகு ஆலை இதைத் தொடக்கத்திலிருந்தே கையாண்டது. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் உள்ள ஸ்பாஞ்ச் அயர்ன் சூளைகளிலும் கந்தக அமில ஆலைகளிலும் இதே தர்க்கம் செல்லும்.

சிமென்ட் ஆலையில் இது எப்படி வேலை செய்கிறது?

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இத்துறையின் எல்லாச் சிக்கல்களும் இங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன.

சூளையில் சூடான வாயு வெளியேறும் இடங்கள் இரண்டு. ஒன்று, மூலப்பொடியை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டர் கோபுரத்தின் உச்சி. அங்கிருந்து வாயு ஏறத்தாழ 280 முதல் 350 டிகிரியில் வருகிறது. மற்றொன்று, கொதிக்கக் கொதிக்க வெளிவரும் கிளிங்கரைக் காற்றடித்துக் குளிர்விக்கும் கூலர். அங்கே மிஞ்சும் காற்றும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். இரண்டு இடத்திலும் தனித்தனிக் கொதிகலன் வைத்து, இரண்டின் நீராவியையும் ஒரே டர்பைனுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு 25 முதல் 35 யூனிட் வரை கிடைக்கும். நாளொன்றுக்கு 5000 டன் கிளிங்கர் செய்யும் சூளைக்கு இதைக் கணக்கிட்டால் 5 முதல் 7 மெகாவாட் வரும். ஆலையின் மின் தேவையில் கால் பங்கு வரை இது தாங்கிவிடும்.

ஆனால் அந்த இரண்டு கொதிகலன்களும் ஒரே மாதிரியானவை அல்ல. கோபுரத்து வாயுவில் மாவு போன்ற நுண்பொடி நிறைந்திருப்பதால் அது குழாய்களின்மீது படிந்து வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய்களைச் சிறு சுத்தியல்களால் தட்டித் தட்டிப் பொடியை உதிர்க்கும் அமைப்பு அங்கே தேவைப்படுகிறது. கூலர் காற்றிலுள்ள தூசியோ கண்ணாடித் துகள் போல அறுக்கும் தன்மை கொண்டது. கொதிகலனுக்குள் விடும் முன் ஓர் அறையில் வேகத்தைக் குறைத்துக் கனமான துகள்களை விழச்செய்யாவிட்டால் குழாய்களின் சுவர் சீக்கிரமே மெலிந்துவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுண்ணாம்புக்கல் நனைந்து வரும்போது அதை உலர்த்த, மூலப்பொருளை அரைக்கும் எந்திரத்துக்கே அந்தச் சூடான வாயு கூடுதலாக வேண்டியிருக்கும். மின்சாரத்துக்குக் கிடைப்பது குறையும். திட்ட அறிக்கையில் கோடைக்கால அளவீட்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு ஐப்பசியில் தவறிவிடும்.

ப்ரீஹீட்டரில் அடுக்குகளைக் கூட்டினால் சூளை எரிபொருளைக் குறைவாகக் கேட்கும். மேலே வரும் வாயுவின் சூடும் குறையும். அப்போது மின் உற்பத்தி குறைகிறதே என்று வருந்துவது தவறு. எரிக்காமல் மிச்சப்படுத்திய நிலக்கரி, எரித்துவிட்டு மீட்ட மின்சாரத்தைவிட எப்போதும் மேலானது.

வெப்பநிலை குறைவாக இருந்தால் நீராவிக்குப் பதில் வேறு வழி உண்டா?

உண்டு. நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் கரிமத் திரவங்களைப் பயன்படுத்தும் முறைக்கு ஆர்கானிக் ரேங்கின் சுழற்சி என்று பெயர். துறையில் ஓஆர்சி என்றே சொல்கிறார்கள். பென்டேன் சுமார் 36 டிகிரியிலேயே கொதிக்கும். ஐசோபியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழேயே கொதிக்கும். வெந்நீரின் சூட்டைக் கொண்டு இத்தகைய திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுழற்றி, மீண்டும் குளிர்வித்துத் திரவமாக்கிப் பம்ப்பில் அனுப்புவதே முறை. ஹாரி தாபோரும் லூசியன் புரோனிக்கியும் இஸ்ரேலில் இத்தகைய சிறு டர்பைன்களை உருவாக்கினார்கள். 1965-இல் புரோனிக்கி தம்பதியர் தொடங்கிய ஓர்மாட் நிறுவனம் இன்றும் இத்துறையில் முன்னணியில் இருக்கிறது. ரஷ்யாவின் கம்சாட்காவில் பராத்துன்கா என்னுமிடத்தில் 1967-இல் சுமார் 80 டிகிரி நிலத்தடி வெந்நீரைக் கொண்டே இம்முறையில் மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள்.

அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றில் 2006 முதல் இயங்கும் நிலையத்தை நம்மூரில் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே ஊற்று நீரின் வெப்பம் வெறும் 74 டிகிரி. அதிலேயே 200 கிலோவாட் எந்திரங்கள் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே குளிர்விக்கக் கிடைக்கும் நீர் 4 டிகிரி. அந்த இரண்டுக்கும் உச்ச வரம்பு 20 சதவீதம். கையில் வருவது சுமார் 8 சதவீதம். அதே 74 டிகிரி நீரை வேலூரிலோ யாழ்ப்பாணத்திலோ 40 டிகிரிக் குளிர்பக்கத்துடன் வைத்தால் உச்ச வரம்பே 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். வெப்ப நாட்டில் இருக்கும் நமக்கு வெப்பம் நிறையக் கிடைக்கிறது என்பது பாதி உண்மைதான். குளிர்ச்சி கிடைப்பதில்லை என்பதே மறுபாதி.

இந்தியாவிலும் இலங்கையிலும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவே, அவற்றில் மின்சாரம் எடுக்கலாமா?

புவிவெப்ப மின்சாரம் புதிதல்ல. இத்தாலியின் லார்தரெல்லோவில் 1904-இல் பியரோ ஜினோரி கோந்தி நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார். 1913-இல் அங்கே 250 கிலோவாட் நிலையம் வந்தது. கென்யா இன்று தன் மின்சாரத்தில் பாதியை ஒட்டிய அளவை ஓல்காரியா முதலிய புவிவெப்ப வயல்களிலிருந்து பெறுகிறது. ஆனால் அவை எரிமலைப் பிளவின்மேல் அமர்ந்த நிலங்கள்.

இந்தியாவில் நம்பிக்கை தரும் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு; அங்கே 1 மெகாவாட் முன்னோடி நிலையத்துக்காக ஓஎன்ஜிசி 2021-இல் ஒப்பந்தம் செய்தது. அந்த உயரத்தில் குளிர்ச்சியும் தாராளம் என்பதால் கணக்கு சாதகமாக நிற்கிறது. தெலங்கானாவின் மணுகூருவில் சிங்கரேணி நிறுவனம் 20 கிலோவாட் அளவில் ஒரு முன்னோடி அமைப்பை நிறுவியிருக்கிறது. திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்நீரின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டியது. சுற்றுப்புறக் காற்றோ 30 டிகிரி. வரம்பே 3 சதவீதம்தான் என்பதால் அங்கே மின்சாரத்துக்கு வழியில்லை. நீராடுவதற்கு உரிய ஊற்றாகவே அது இருக்கட்டும்.

சூரியத் தகடுகள் இவ்வளவு மலிந்த பிறகு, சூரிய வெப்ப நிலையங்களுக்கு என்ன வேலை?

பகலில் மட்டும் மின்சாரம் போதும் என்றால் வேலை இல்லை, தகடே போதும். சூரிய வெப்பத்தின் தனிச்சிறப்பு சேமிப்பில் இருக்கிறது. கண்ணாடிகளால் குவித்த ஒளியில் சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த உப்பை உருக்கி, 565 டிகிரி வரை சூடாக்கிப் பெரிய தொட்டியில் வைத்துக்கொண்டால், இரவில் அதிலிருந்து நீராவி எடுக்கலாம். ஸ்பெயினின் ஹெமாசோலார் நிலையம் 2011 முதல் 15 மணி நேரச் சேமிப்புடன் இயங்குகிறது. மொரோக்கோவின் வர்சசாத்தில் 510 மெகாவாட் அளவுக்கு இத்தகைய நிலையங்கள் உள்ளன.

உப்பு சுமார் 220 முதல் 240 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும் என்பதால், குழாய் ஓரிடத்தில் குளிர்ந்தாலும் அது கல்லாகி அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாய் நெடுக மின்சூடேற்றி சுற்றி வைக்க வேண்டும். அமெரிக்காவின் கிரசெண்ட் டியூன்ஸ் நிலையம் 2016-இல் உப்புத் தொட்டிக் கசிவால் பல மாதங்கள் நின்றுபோனது.

இந்தியாவில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கத்தின் முதல் கட்டத்தில், 2010-இல் 470 மெகாவாட் சூரிய வெப்ப நிலையங்கள் ஒதுக்கப்பட்டன. ராஜஸ்தானின் தூர்சாரில் 125 மெகாவாட், நோக்கில் 50 மெகாவாட், ஆந்திரத்தின் அனந்தபூரில் 50 மெகாவாட் என்று பாதிக்கும் குறைவாகவே நிறைவேறின. தகடுகளின் விலை சரிந்தது ஒரு காரணம். நேரடிச் சூரிய ஒளியின் அளவைச் செயற்கைக்கோள் மதிப்பீட்டை நம்பிக் கூடுதலாக எடுத்துக்கொண்டது மற்றொன்று: குவிப்புக் கண்ணாடிக்குத் தெளிந்த வானத்தின் நேர்க்கதிர் மட்டுமே பயன்படும், தூசும் மங்கலும் சிதறடித்த ஒளி தகட்டுக்கு உதவும், கண்ணாடிக்கு உதவாது. அபு ரோடில் பிரம்ம குமாரிகள் அமைத்த 1 மெகாவாட் நிலையம் அளவில் சிறியது. ஆனாலும் 60 சதுர மீட்டர் கொண்ட 770 வட்டத் தட்டுகளும் வார்ப்பிரும்பில் வெப்பத்தைத் தேக்கும் முறையும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டவை என்பதால், பொறியியல் மாணவர்கள் அதை அவசியம் நேரில் பார்க்க வேண்டும் என்பேன்.

கடலின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பது சாத்தியமா? தூத்துக்குடியில் ஒரு முயற்சி நடந்ததாமே?

நடந்தது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் 28 டிகிரி இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது 7 டிகிரியை ஒட்டியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தலாம் என்று பிரான்சின் தார்சோன்வால் 1881-லேயே எழுதினார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கிளோட் 1930-இல் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் 22 கிலோவாட் எடுத்தும் காட்டினார். ஆனால் நீரை இறைக்க அதைவிட அதிக மின்சாரம் செலவாயிற்று. 1981-இல் நவூருத் தீவில் ஜப்பானியர்கள் அமைத்த நிலையம்தான் பம்புகளின் செலவு போக மிஞ்சிய சுமார் 30 கிலோவாட்டைத் தீவுக்குத் தந்தது. உச்ச வரம்பே 7 சதவீதம் என்னும் இடத்தில், மொத்த உற்பத்திக்கும் நிகர உற்பத்திக்கும் உள்ள இடைவெளி இப்படித்தான் இருக்கும்.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், தூத்துக்குடிக்கு அப்பால் 1 மெகாவாட் திறனில் 'சாகர் சக்தி' என்னும் மிதவை நிலையத்தை இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது. அம்மோனியாவை ஆவியாக்கி டர்பைனை ஓட்டுவது திட்டம். எந்திரங்கள் தயாராயின. ஒரு மீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் கொண்ட குளிர்நீர்க் குழாயைக் கடலுக்குள் நிறுத்துவதுதான் கைகூடவில்லை. அலையாலும் நீரோட்டத்தாலும் இழுபடும் அத்தனை நீளக் குழாயை மிதவையோடு இணைப்பது, கரையில் செய்யும் எந்தப் பொறியியலையும்விடக் கடினம்.

அந்த உழைப்பு வீணாகவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே நிறுவனம் 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில், சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரையும் மேற்பரப்பு வெந்நீரையும் கொண்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. வட சென்னை அனல் மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரிலிருந்து கடலுக்குப் போகும் இளஞ்சூட்டு நீரிலிருந்தும் இதே முறையில் குடிநீர் வடித்துக் காட்டியது. மின்சாரமாக்க முடியாத மிகத் தாழ்ந்த வெப்பத்துக்கும் உரிய பயன் ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் கடற்கரையில் இல்லை.

உப்புக் குளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது என்பது என்ன?

அடியில் அடர்ந்த உப்புநீரும் மேலே நன்னீரும் இருக்கும்படி அடுக்கிய குளத்தில், அடிநீர் வெயிலில் சூடேறினாலும் கனமாக இருப்பதால் மேலே எழாது. 80 டிகிரிக்கு மேலும் சூடாகி அங்கேயே தேங்கும். சாக்கடல் கரையில் பேத் ஹா-அரவாவில் 1984-இல் 5 மெகாவாட் நிலையம் இப்படி இயங்கி, சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. குஜராத்தின் பூஜ் நகரில் 6000 சதுர மீட்டர் குளம் ஒன்று பால் பண்ணைக்கு வெந்நீர் தந்தது. இந்த இரண்டில், வெப்பத்தை வெந்நீராகவே பயன்படுத்தும் பூஜ் முறையே நம் உப்பள ஊர்களுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

பைக் சைலன்சரிலோ விறகடுப்பிலோ சிறு தகடு வைத்து மின்சாரம் எடுக்கும் காணொளிகள் உண்மையா?

இயற்பியல் உண்மை. இரு வேறு உலோகங்களின் சந்திப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை சீபெக் 1821-இல் கண்டார். 1977-இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து இம்முறையிலேயே இன்றும் மின்சாரம் பெறுகின்றன. அசையும் பாகம் இல்லாததால் பழுது அரிது. ஆனால் திறன் பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதத்துக்குள்தான். தகட்டின் மறுபக்கத்தைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். அடுப்பின் சிறு விசிறியை ஓட்ட, எட்டாத இடத்தில் ஓர் உணர்கருவிக்கு மின்சாரம் கொடுக்க இது ஏற்றது. வீட்டுக்கு மின்சாரம் தரும் என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

எங்கள் சாயப்பட்டறையில் பாய்லர் புகையும் சூடான கழிவு நீரும் வீணாகின்றன. ஓஆர்சி எந்திரம் வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில். 120 டிகிரியில் 1 மெகாவாட் வெப்பம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மின்சாரமாக்கினால் பம்பும் விசிறியும் தின்றது போக 60, 70 கிலோவாட் மிஞ்சும். அதே வெப்பத்தைச் சாயத் தொட்டிக்கான நீரையோ பாய்லருக்குப் போகும் நீரையோ சூடாக்கப் பயன்படுத்தினால், ஏறக்குறைய அந்த 1 மெகாவாட் முழுவதற்கும் உரிய விறகோ நிலக்கரியோ மிச்சமாகும். திருப்பூர்ப் பட்டறைகளில் கழிவுநீரை முழுவதும் மீட்க வேண்டிய கட்டாயம் வந்த பிறகு, ஆவியாக்கும் கலன்கள் நீராவியை இடைவிடாமல் கேட்கின்றன. வெப்பத்துக்கே இவ்வளவு பசி இருக்கும் ஆலையில் அதை மின்சாரமாக்குவது நட்டம். குளிரூட்டும் தேவை இருந்தால் வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சி தரும் அப்சார்ப்ஷன் சில்லர் எந்திரத்தையும் பரிசீலிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் மிஞ்சும் வெப்பத்துக்கே டர்பைன்.

புகையை எவ்வளவு தூரம் குளிர்விக்கலாம்?

எரிபொருளில் கந்தகம் இருந்தால் எல்லை உண்டு. சுமார் 120 முதல் 150 டிகிரிக்குக் கீழே போனால் குழாயின்மீது கந்தக அமிலம் படியத் தொடங்கும். பிறகு குழாய் நிலைக்காது. அந்த எல்லைக்குக் கீழே உள்ள வெப்பத்தைக் கணக்கில் சேர்த்துக் காட்டும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விற்பனையாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

அவரை அழைக்கும் முன்பே, வாயுவின் வெப்பநிலையையும் ஓட்டத்தையும் மழைக்காலமும் கோடையும் அடங்குமாறு ஓராண்டு பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். தூசியின் அளவையும் தன்மையையும் ஆய்வகத்தில் சோதித்து வையுங்கள். எந்திரத்தின் விலையை மொத்தக் கிலோவாட்டுக்கு அல்லாமல் நிகரக் கிலோவாட்டுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கண்டென்சர் நீரால் குளிர்விக்கப்படுவதா காற்றாலா என்று கேளுங்கள். நீர் என்றால் கோடையில் அந்த நீர் எங்கிருந்து வரும் என்றும், காற்று என்றால் மே மாத நண்பகலில் உற்பத்தி எத்தனை சதவீதம் விழும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். திரவம் பென்டேன் போல் எரியக்கூடியதாக இருந்தால் தீத்தடுப்பு ஏற்பாடும் அதற்கான அனுமதியும் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கொதிகலனில் பழுது வந்தால் வாயுவைப் பக்கவழியாகத் திருப்பிவிட்டுச் சூளையை நிறுத்தாமல் ஓட்ட முடியுமா என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கவழியை அடைக்கும் கதவு (டேம்பர்) சரியாக மூடாமல் கசிந்தால், வெப்பத்தில் ஒரு பகுதி கொதிகலனைத் தொடாமலேயே புகைபோக்கிக்குப் போய்விடும்.